எங்கள் கல்லூரிப் பதிவாளர் காலமானார்: டெக்சாஸில் படித்த நண்பர்களே, உங்கள் நினைவுகளை எழுதுங்கள்

வைகைக்கரையான்:

மத்திய டெக்சாஸில் நம்மில் சிலர் படித்த அந்தச் சிறிய கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய பதிவாளர் சென்ற வாரம் காலமானார். வயது 87. குடும்பத்தாரைக் கேட்காமல் பொதுவெளியில் பெயரை எழுத எனக்கு மனமில்லை. 2004இல் அவர் ஓய்வு பெறும்வரை அங்கே படித்தவர்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரியும். வெள்ளை பிக்கப் வண்டி, வெளிறிப்போன வைக்கோல் தொப்பி, சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு.

எனக்கு அவர் யார் என்பதை ஒரு மாலைப்பொழுதைச் சொல்லித்தான் புரியவைக்க முடியும்.

நான் 1998 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தேன். மறு பிப்ரவரியில் மதுரையில் அப்பா தவறிவிட்டார். டிக்கெட் வாங்கப் பணமில்லை. எனக்குச் செய்தி வந்தபோது தம்பி கொள்ளி வைத்து முடித்திருந்தான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. மாணவர் விசாவில் இருப்பவன் வகுப்புகளை விட்டுவிட்டால் அந்த நாட்டில் இருக்கும் தகுதியே போய்விடும் என்பது தெரியும். தெரிந்தும் எழ முடியவில்லை.

பதினோராம் நாள் மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாடு எண்ண ஓர் ஆள் தேவைப்படுகிறது. வருகிறாயா?" என்றார். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. போனேன்.

அரை மணி நேரப் பயணம். பண்ணைக் கதவைத் திறந்து உள்ளே போனதும் வண்டியின் ஹாரனை மூன்று முறை நீளமாக அடித்தார். புதர்களுக்குள்ளிருந்து மாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, பிறகு கூட்டமாக ஓடி வந்தன. வண்டியின் பின்னால் இருந்த மூட்டையைப் பிரித்துத் தீவனக் கட்டிகளை நீளவாக்கில் கொட்டிக்கொண்டே போகச் சொன்னார். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் வாசனை! எங்கள் வீட்டுத் தொழுவத்தின் வாசனை. அப்பாவின் வேட்டியில் இருந்த வாசனை. அந்த இருட்டுகிற நேரத்தில் நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார்.

பிறகு எண்ணினோம். அவர் இரண்டிரண்டாக எண்ணுவார். இருபது ஆனதும் வலது பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை இடது பைக்கு மாற்றுவார். தாய்ப்பசுக்கள் 118 இருக்க வேண்டும், அவர் கணக்கில் 117 வந்தது. டார்ச் விளக்கோடு இறங்கி நடந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு முள்புதர் மறைவில் அந்தப் பசு, காலடியில் ஈரம் காயாத கன்று. கன்று எழுந்து மடியைத் தேடிப் பிடித்துக் குடிக்கும்வரை நின்றார். பிறகுதான் குறிப்பேட்டை எடுத்தார்.

முன்பக்கத்திலிருந்து மாட்டுக் கணக்கு. கன்று பிறந்ததை எழுதினார். அப்புறம் குறிப்பேட்டைப் புரட்டிப் பின்பக்கத்தைத் திறந்தார். அங்கே மாணவர்களின் பெயர்கள். என் பெயருக்கு நேராக ஒரு கேள்விக்குறி இருந்தது. டார்ச்சை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு ஒரு சிறு சரிக்குறி போட்டார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, "உன் அப்பாவுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். பெயரைத் தப்பாக உச்சரித்தார். நிறுத்தி, சரியாகச் சொல்லித்தரச் சொன்னார். மூன்றாவது முறைதான் "ழ" ஓரளவு வந்தது. அது வந்த பிறகே கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பில் இருந்தேன்.

பரமக்குடிக்காரன்:

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

எனக்கு அவரைத் தெரிந்தது அவர் ஓய்வு பெற்ற பின்னர்தான். நான் அதே ஊரில் வேலை பார்த்தேன், பண்ணைக்குச் சனிக்கிழமைகளில் போவேன். முதல்முறை போனபோது சிரித்துவிட்டேன். டெக்சாஸ் டெக்சாஸ் என்று வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நம் ராமநாதபுரம்! அவர்கள் மெஸ்கீட் என்று சொல்வது நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அதன் நெற்றை மாடு தின்று சாணத்தில் விதை பரவும் தொல்லைகூட அங்கேயும் அப்படியே. கூடவே சப்பாத்திக்கள்ளி. மாடு தண்ணீர் குடிக்கும் குளத்தை அவர்கள் 'டேங்க்' என்கிறார்கள். கண்மாய்க்கு நம் ஊர்ப் பொதுப்பணித்துறை எழுதும் அதே சொல். இதை அவரிடம் சொன்னேன். மிகவும் மகிழ்ந்து, "அப்படியானால் நீ வெளியூர்க்காரன் இல்லை" என்றார்.

2011 வறட்சி நினைவிருக்கிறதா? டெக்சாஸின் பதிவேடுகளில் ஓராண்டு வறட்சி என்று பார்த்தால் அதைவிடக் கடுமையானது கிடையாது. மாநிலத்தின் விவசாய நஷ்டம் 760 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தொகை அல்ல. அப்போது அவருக்கு 73 வயது. முதுகில் எரிவாயு உருளையைக் கட்டிக்கொண்டு, கையில் நீண்ட தீக்குழாயோடு, கள்ளிப் புதர்களின் முள்ளைப் பொசுக்கிக்கொண்டு போவார். முள் பொசுங்கிய கள்ளியை மாடுகள் சூடு ஆறுவதற்குள் வந்து கடிக்கும். வாயோரம் பச்சை நுரை வழியும். வைக்கோல் உருளைகள் தூர மாநிலங்களிலிருந்து லாரியில் வந்தன, விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். செப்டம்பரில் பாதி மந்தையை ஏலத்துக்கு அனுப்பினார். ஏற்றும் முன் ஒவ்வொரு மாட்டின் காதுத் தகட்டு எண்ணையும் வாய்விட்டுப் படித்து, குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார். அன்று மாலை குளத்துக்குள் இறங்கி, வெடித்துக் கிடந்த வண்டல்மேல் மண்டியிட்டார். நான் கரையில் நின்றேன். மழை கேட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார், போன மாடுகளுக்கு நன்றி சொன்னாராம்.

தென்றல்77:

மன்னிக்க வேண்டும். எல்லாரும் ஒரே சுருதியில் எழுதும் இடத்தில் நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். அவர் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் 2000இல் கட்டண பாக்கி இருந்ததால் அவருடைய அலுவலகம் என் மதிப்பெண் சான்றிதழைத் தர மறுத்தது. பாக்கி நானூறு டாலருக்கும் குறைவு. அந்தத் தாமதத்தில் எனக்குக் கிடைத்திருந்த வேலை கைநழுவிப் போனது. நேரில் போய்க் கெஞ்சினேன். "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆறு மாதம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன்.

வைகைக்கரையான்:

தென்றல், நீங்கள் எழுதியது நல்லது. நினைவு என்றால் அதுவும் சேர்ந்ததுதான். அவர் விதியில் கெடுபிடியானவர் என்பதை நான் மறுக்கமாட்டேன். நிர்வாகக் குழு போட்ட விதி என்றாலும் கையெழுத்து அவருடையது. அதற்குப் பிறகு அவரோடு பேசினீர்களா?

தென்றல்77:

பேசினேன். அவர்தான் வந்தார். வேறு வேலை கிடைத்து நான் டாலஸ் போன பிறகு, ஒரு சனிக்கிழமை என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. "சான்றிதழை நிறுத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது. ஆனால் பாக்கி இருக்கிறது என்பதை நீ படிப்பை முடிப்பதற்கு மூன்று மாதம் முன்பே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஆண்டு படித்தவர்களிடம் கேட்டபோது, பாக்கி வைத்திருந்த ஒவ்வொருவரையும் ஜனவரியிலேயே தொலைபேசியில் அழைத்தாராம். என் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அவர் வந்து நின்றதை மறக்கவும் முடியவில்லை.

புதுவரவு_செழியன்:

நான் இந்தத் தலைமுறை, அவரைத் தெரியாது. ஒரு சந்தேகம் மட்டும். நூறு மாடும் அவ்வளவு நிலமும் இருப்பவர் ஏன் கல்லூரியில் மேசை வேலை பார்க்க வேண்டும்?

ஹூஸ்டன்வாசி:

தம்பி, படங்களில் காட்டும் பண்ணையை மறந்துவிடு. அமெரிக்காவில் கறிமாடு வளர்ப்பவர்களின் மந்தை சராசரியாக 50 பசுக்களுக்கும் குறைவு. ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று, அதை விற்றால்தான் வரவு. அதில் வேலி, மருந்து, தீவனம், நில வரி எல்லாம் கழிய வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் ஒருவராவது ஊருக்குள் சம்பள வேலையில் இருப்பார். முக்கியமாக மருத்துவக் காப்பீட்டுக்காக. இவர் அதிகாலையில் பண்ணை, எட்டு மணிக்கு அலுவலகம், ஐந்து மணிக்கு மறுபடி பண்ணை என்று வாழ்ந்தவர். ஞாயிறு முழுவதும் தேவாலயம். மாடு மட்டும் ஞாயிறும் பசிக்கும் என்பதால் ஹாரன் அடிக்க ஒருமுறை போய்வருவார்.

காங்கேயத்தான்:

என் அப்பா 2002இல் பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருந்தார். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பதிவாளர் எங்களைப் பண்ணைக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய பொலிகாளை நின்றது. சாம்பல் நிறம், நல்ல திமில், தரையைத் தொடுவதுபோல அலைதாடி. அமெரிக்கன் பிராமன் என்றார்கள். அப்பா அப்படியே நின்றுவிட்டார். "டேய், இது நம்ம பக்கத்து மாடுடா" என்றார். வேலியைத் தாண்டி உள்ளே போகப் போனவரை நான் பிடித்துக்கொண்டேன். பதிவாளர் என் கையை மெல்ல விலக்கினார், "அவருக்கு மாடு தெரியும்" என்றார்.

அப்பா காளையின் நெற்றியில் சுழி பார்த்தார். முதுகில் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் பதிவாளர் பின்னாலேயே விரல் வைத்தார். எது ராசியான சுழி, எது ஆகாத சுழி என்று அப்பா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். குறிப்பேட்டில் காளையின் படம் ஒன்று வரைந்து, சுழிகளை வட்டமிட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் நான் தேவைப்படவே இல்லை. இரண்டு கிழவர்களும் வேலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் காளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார், அப்பா "ஆமாங்க" என்பார். அப்பா இறந்தபோது எனக்கு வந்த முதல் கடிதம் அவருடையது. உள்ளே அந்தப் படத்தின் நகல்.

ஹூஸ்டன்வாசி:

காங்கேயத்தாரே, உங்கள் அப்பா சொன்னது அப்பட்டமான உண்மை. அந்த இனத்தின் வேர் இந்தியாதான். ஓங்கோல் மாட்டை அமெரிக்காவில் நெல்லூர் என்ற பெயரில் அழைத்தார்கள். அதோடு கிர், குஜராத்தின் காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு இனம் எல்லாம் கலந்ததுதான் அமெரிக்கன் பிராமன். 1906இல் டெக்சாஸின் பியர்ஸ் பண்ணைக்காக ஏ.பி. போர்டன் என்பவர் இந்தியாவுக்கே போய் வாங்கிவந்த மாடுகளில் 30 காளைகளும் 3 பசுக்களும் பண்ணைக்கு வந்து சேர்ந்தன. பல பத்தாண்டுகளில் அந்த நாட்டுக்குப் போன மொத்த இந்திய மாடுகளே 300க்குள்தான். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து ஓர் இனத்தை உருவாக்கி 1924இல் சங்கமும் வைத்தார்கள். ஐரோப்பிய மாடுகள் டெக்சாஸின் தெற்கு வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் வாடியபோது, இந்த ரத்தம்தான் கைகொடுத்தது. நம் பதிவாளர் ஹெர்ஃபோர்டு இனத்தோடு கலந்து, உடம்பில் புலிவரி போட்ட பசுக்களை வளர்த்தார். அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

மருதநிலம்:

நான் சைவ உணவுக்காரி, பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தவள். அவரை எனக்குப் பிடிக்காமல் போக எல்லாக் காரணங்களும் இருந்தன. கன்றுகளுக்குச் சூடு போடுவதை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த மாடுகள் எங்கே போகின்றன என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். அவரிடமே சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த முயலவில்லை. "உன் மனம் உறுத்துவது நல்லது. என்னுடையதும் உறுத்தாமல் இருந்தால் நான் இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும்" என்றார்.

தேவாலயத்துக்கு என்னை ஒரே ஒருமுறை அழைத்தார். வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு அழைக்கவே இல்லை. ஆனால் 2001 மார்ச்சில், ஹூஸ்டன் கால்நடைக் காட்சிக்குப் போகிறேன், பேர்லாண்டில் உங்கள் மீனாட்சி கோயில் இருக்கிறதாமே, வருகிறாயா என்று கேட்டார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் பயணம். கோயில் வாசலில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கி, படியில் உட்கார்ந்து, காலில் இறுகியிருந்த பூட்ஸை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பிறகு தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு தூணோரம் நின்றார். கும்பிடவில்லை. வெளியே வந்த பிறகு நானே கேட்டேன். "என் கர்த்தரைத் தவிர வேறொருவரை நான் வணங்கமாட்டேன். ஆனால் நீ வணங்கும் இடத்தில் தொப்பியோடு நிற்கவும் மாட்டேன்" என்றார். புளியோதரையை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் பார்த்த பக்தர்களில் இவ்வளவு தெளிவானவர் மிகக் குறைவு.

சுன்னாகத்தான்:

நான் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவன். அவருடைய ஞாயிறு வேதாகம வகுப்பில் நான்கு வருடம் இருந்தேன். வகுப்பில் அவர் அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் லூக்காவின் 15ஆம் அதிகாரம் வந்தது. நூறு ஆட்டில் ஒன்று தொலைந்து, மேய்ப்பன் அதைத் தேடிப் போகும் உவமை. நாங்கள் எல்லோரும் இரக்கம், அன்பு என்று பேசினோம். அவர் கடைசியாகக் கேட்டார்: "ஒன்று குறைகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?" யாரும் பதில் சொல்லவில்லை. "அவன் எண்ணியிருக்கிறான். களைத்துப்போன மாலையில், மழையாக இருந்தாலும், நூறையும் எண்ணியிருக்கிறான். அந்த வேலையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை" என்றார். வைகைக்கரையான் எழுதிய கேள்விக்குறியைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. நான் அப்போது வீட்டாரைப் போரில் பிரிந்து, யார் எங்கே என்று தெரியாமல் இருந்தவன். எண்ணப்படுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

கீழவாசல்:

அவர் பேரப்பிள்ளைகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. கடைசிப் பேத்தி பிறந்த ஆண்டில்தான் ஓய்வு பெற்றார். இன்னும் இரண்டு ஆண்டு இருந்தால் ஓய்வூதியம் கூடும் என்று கல்லூரியில் எல்லாரும் சொன்னார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டார். பிக்கப் வண்டியில் குழந்தை இருக்கை, அதன் பக்கத்தில் கால்நடைத் தடுப்பூசிப் பெட்டி. அந்தப் பிள்ளை முதலில் கற்றுக்கொண்டது ஹாரன் அடிக்க.

என் மகன் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவான். என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவன் பிறந்தநாளுக்கு வரும் அட்டையில் ஆங்கில எழுத்துகளில் 'தாத்தா' என்றுதான் கையெழுத்து. இருபத்தொரு அட்டைகள் இருக்கின்றன.

பேத்தி பன்னிரண்டு வயதில் மாவட்டக் கால்நடைக் காட்சிக்கு ஓர் இளங்காளையை வளர்த்தாள். அங்கே பிள்ளைகள் மாட்டைக் குளிப்பாட்டிச் சீவி, கயிறு பிடித்து நடத்திக் காட்டி, கடைசியில் ஏலத்தில் விற்க வேண்டும். காட்சி நடந்த நாட்களெல்லாம் தாத்தாவும் பேத்தியும் கொட்டகையிலேயே மடக்குக் கட்டிலில் படுத்தார்கள். விற்ற அன்று அவள் லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் "இதெல்லாம் பழகிவிடும்" என்றார்கள். அவர் அவர்களைப் பார்த்து, "பழக வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லாரி கிளம்பும்வரை அவளோடு நின்றார். மருதநிலம் அக்கா எழுதியதைப் படித்ததும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மருதநிலம்:

எழுதியதற்கு நன்றி. இது எனக்குத் தெரியாது.

வைகைக்கரையான்:

நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

தேவாலயம் கொள்ளவில்லை. முன்வரிசையில் பேரப்பிள்ளைகள், அடுத்து பண்ணைக்காரர்கள், பின்னால் நாங்கள்: நைஜீரியா, கொரியா, இலங்கை, தமிழ்நாடு. கல்லறைக்குப் போகும் வழியில் எதிரே வந்த வண்டிகள் ஒன்றுவிடாமல் சாலையோரம் ஒதுங்கி நின்றன. அங்கே அது வழக்கம். ஒரு டிராக்டர்க்காரர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வயலோரம் நின்றார். திருச்சபைப் பெண்கள் மதியச் சாப்பாடு போட்டார்கள். எனக்கென்று யாரோ நினைவு வைத்துக் கறி சேர்க்காத பீன்ஸ் ஒரு கிண்ணம் தனியாக வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது கடைசிப் பேத்தி எழுந்தாள். இப்போது அவளுக்கு 21 வயது. கறுப்பு உடையோடு, காலில் பூட்ஸை மட்டும் மாற்றிக்கொண்டு, "மாட்டுக்கு நேரமாகிவிட்டது" என்று வெள்ளை வண்டியின் சாவியை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் நின்று மூட்டையைப் பிரித்தேன். 26 வருடம் கழித்து அதே வாசனை.

ஹாரனை மூன்று முறை அடித்தாள். வந்தன. முன்பெட்டியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உதடு அசைய இரண்டிரண்டாக எண்ணினாள். நானும் எண்ணினேன்.

"உங்களுக்கு எத்தனை?" என்றாள்.

"அறுபத்து மூன்று."

"எனக்கும் அறுபத்து மூன்றுதான். அறுபத்து நான்கு இருக்க வேண்டும்."

இருக்கைக்கு அடியில் கைவிட்டு டார்ச்சை எடுத்தாள். இருவரும் இறங்கினோம்.